பத்துக் கோடை, மூன்றாம் கிளாரினெட்

பெங்களூரு அல்சூரில் என்னைத் தெரிந்தவர்கள் ஏப்ரல் வந்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கப்பன் பார்க்கில் வாசிக்கிற அந்த பேண்டில் நாங்களும் சேரலாமா? சுத்தமா வாசிக்கத் தெரியாதே, எடுத்துக்குவாங்களா?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் என் அனுபவத்தை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது 2013 ஜூலையில். அப்போது எனக்கு வயது 41. கொரோனாவில் போன 2020, 2021 இரண்டையும் கழித்தால், 2025 மே வரை பத்துக் கோடை கப்பன் பார்க் பேண்டு மேடையில் வாசித்திருக்கிறேன். பத்திலும் மூன்றாம் கிளாரினெட்தான்; முதல், இரண்டாம், மூன்றாம் என்று பிரித்த கிளாரினெட் வரிசைகளில் கடைசி.

இது கல்யாண பேண்டு செட் அல்ல, நடந்துகொண்டே வாசிக்கும் அணிவகுப்பு பேண்டும் அல்ல. நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கும் கான்சர்ட் பேண்டு. வயலின் வகையறா கிடையாது. ஊதுகிற வாத்தியமும் தட்டுகிற வாத்தியமும் மட்டும். நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. யாருக்கும் சம்பளம் இல்லை. பல் டாக்டர், ஆட்டோ டிரைவர், கல்லூரிப் பிள்ளைகள், சர்ச் பேண்டில் வாசித்த இரண்டு அண்ணன் தம்பிகள், ஐ.டி. ஆட்கள் என்று நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. பேண்டை நடத்துகிற மாஸ்டர் வேலூர்க்காரர். பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் பயின்று, அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். பேண்டுக்குள் தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் கலந்து ஓடும். கோபம் வந்தால் மட்டும் மாஸ்டருக்குச் சுத்தமான வேலூர்த் தமிழ்.

என் கிளாரினெட் என் மகனுக்காக வாங்கியது. பள்ளி பேண்டில் ஒரு வருஷம் ஊதிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். பீரோ மேல் பெட்டியோடு கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. கருங்காலி மாதிரிக் கறுப்பாக இருந்தாலும் மரம் இல்லை, பிளாஸ்டிக். பார்க்கில் வாசிக்கப்போகிறவர்களுக்கு நானும் பிளாஸ்டிக்தான் சொல்வேன். மர வாத்தியத்தை ஏப்ரல் வெயிலில் வைத்துவிட்டு, மழை வந்ததும் ஈரக்காற்றில் வாசித்தால் கீறல் விட வாய்ப்பு உண்டு. எங்கள் முதல் கிளாரினெட் அம்மா தன்னுடையதை துணியில் சுற்றி நிழலில் வைத்துக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படி இதற்கு ரீட். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். எண் கூடக்கூட ரீட் கெட்டி. தொடங்குகிறவர்களுக்கு 2ஆம் எண் போதும்; எனக்கு 2.5க்குப் போக மூன்று வருஷம் ஆனது. பத்து ரீட் உள்ள பெட்டி வாங்கினால் நாலுதான் நன்றாகப் பேசும். அந்த நாலையும் மாற்றி மாற்றி வாசியுங்கள்.

வாசிக்கத் தெரியாமல் சேரலாமா என்றால், சேரலாம். ஆனால் முதல் கோடையில் மேடைக்கு ஆசைப்படக் கூடாது. நான் ஜூலையிலிருந்து மார்ச் வரை தினம் அரை மணி நேரம் ஊதினேன். குக்கர் விசில் வரும் நேரமாகப் பார்த்துத்தான் ஊதுவேன், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாதென்று. புல்லாங்குழலில் ஓங்கி ஊதினால் சுரம் எட்டு படி மேலே போகும். கிளாரினெட்டில் மேல் சுரங்களுக்கான ரெஜிஸ்டர் கீயை அமுக்கினால் பன்னிரண்டு படி தாவும். கீழும் மேலும் சேருகிற அந்த இடத்தை பிரேக் என்பார்கள்; அங்கேதான் எல்லோரும் வாத்து மாதிரிக் கத்துவோம். மூன்றாம் கிளாரினெட்டின் பார்ட், அதாவது அவர்கள் வாசிக்க எழுதின தாள், பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருப்பதால்தான் புதியவர்களை அங்கே உட்கார வைக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் மேலே போய்விடலாம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2015 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ். ஒரு வால்ட்ஸ், மேனாட்டு நடன மெட்டு. ஒன்று-இரண்டு-மூன்று என்று போகும் தாளத்தில் எங்களுக்கு ஒன்றே கிடையாது, இரண்டும் மூன்றும் மட்டும்தான். பா-பா, பா-பா. பக்கம் முழுக்க அதுதான். என் முகத்தில் சலிப்பு தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டர் குச்சியைத் தட்டி நிறுத்தினார். "தேர்டு கிளாரினெட் மூணு பேரும் இந்தத் தடவை வாசிக்காதீங்க. சும்மா கேளுங்கம்மா" என்றார். பேண்டு மறுபடி ஆரம்பித்தது. மெட்டு அப்படியே இருந்தது, டிரம்பெட் இருந்தது, டிரம் இருந்தது. ஆனால் பருப்பு போடாத சாம்பார் போல எல்லாம் தனித்தனியாக மிதந்தது. பதினாறு பார் (தாளச் சுற்று) போனதும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் உள்ளே நுழைந்தோம். நடு இடம் நிறைந்தது காதுக்கே தெரிந்தது. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டாம் கிளாரினெட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நான் போகவில்லை. தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்க வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இந்த பேண்டு சரிப்படாது. சத்தத்தின் நடுவில் உட்கார்ந்து அதைத் தாங்கிப்பிடிக்கப் பிடிக்கும் என்றால் வாருங்கள்.

இனி பார்க். கப்பன் பார்க் 1870இல் உருவானது. சாங்கி என்ற தலைமைப் பொறியாளர் காலம். எங்கள் பேண்டு மேடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, எட்டு மூலை, வார்ப்பிரும்புத் தூண்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எங்கள் எல்லோரையும் அது கொள்ளாது. பித்தளைக்காரர்களும் டிரம்காரர்களும் கீழே புல்தரையில்.

அறையில் பழகிய காதுக்குத் திறந்தவெளி பெரிய சோதனை. சுவர் இல்லையென்றால் சத்தம் திரும்பி வராது. போய்க்கொண்டே இருக்கும். முதல் கோடையில் என் வாத்தியம் ஊமையாகிவிட்டதோ என்று பயந்து ஓங்கி ஊதி, சுருதியைக் கெடுத்தேன். பக்கத்தில் இருப்பவரின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு போகப் பழகவேண்டும். வெயில் இன்னொரு தொல்லை. காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அதனால் ஊதுகிற வாத்தியத்தின் சுருதியும் ஏறும். நாலரை மணிக்கு 34 டிகிரியில் சேர்த்த சுருதி ஆறரைக்கு இருக்காது. வெயில் தாழத் தாழ, பாட்டுக்கு நடுவில் கிடைக்கிற நாலு பார் ஓய்வில், வெளியே இழுத்து வைத்த பேரலை (ஊதுவாய்க்கு அடுத்த குட்டைக் குழாய்த் துண்டு) ஒரு நூல் உள்ளே தள்ளிக்கொள்வேன்.

குறைந்தது எட்டு துணிக்கிளிப் எடுத்துப் போங்கள். ஸ்டாண்டில் பார்ட்டைக் கிளிப் போடாமல் வைத்தால் முதல் காற்றிலேயே பறக்கும். மரத்தடியில் டியூபாவை நிமிர்த்தி வைத்தால் அதன் வாய்க்குள் மஞ்சள் பூ விழுந்துகொண்டே இருக்கும்.

என்ன வாசிப்போம்? முதலில் ஒரு மார்ச், பிறகு ஒன்றிரண்டு மேனாட்டு உருப்படிகள். பொரி வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் அதுவரை நகர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். "ராஜ்குமார் சார் ஹாடு நுடிசி" என்று, ராஜ்குமார் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கன்னடத்தில் ஒரு குரல் எழும். ராஜ்குமார் பாட்டு ஒன்று தொடங்கினதும் கூட்டம் உட்கார்ந்துவிடும். இளையராஜா 1980களில் கன்னடப் படங்களுக்குப் போட்ட மெட்டுகளுக்குத் தமிழர், கன்னடர் என்று பேதமே இல்லை. எல்லோரும் முணுமுணுப்பார்கள்.

எனக்கு உயிர் நொட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். சுமார் 40 உருப்படி. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடுகிற கீதத்தின் மெட்டேதான். பேண்டிலிருந்து நம் சங்கீதத்துக்கு வந்ததை மாஸ்டர் மறுபடி பேண்டுக்கே எழுதினார். 2018 ஏப்ரலில் முதல்முறை வாசித்தோம். முன்வரிசையில் பேரன் மடியில் தூங்க, ஒன்பது கஜம் கட்டிய ஒரு பாட்டி, இரண்டாவது வரியிலிருந்து கூடவே பாட ஆரம்பித்தார். மெல்லிய குரல், தப்பில்லாத சாகித்யம். மாஸ்டர் கையைத் தாழ்த்தி பேண்டை அடக்கினார். டிரம்பெட்கள் நின்றன. பாட்டியும் நாங்கள் கிளாரினெட்காரர்களும் மட்டும் முடித்தோம். முடிந்ததும் அவர் கைகூப்பவில்லை, எழவில்லை. பேரனின் தலையைச் சரியாகத் தூக்கி வைத்துக்கொண்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அனுமதி எப்போது வரும் என்பது கடைசி வாரம் வரை தெரியாது. இரண்டு முறை சனிக்கிழமை இரவு ரத்தானதும் உண்டு. கழிப்பறை தூரம். பெண்கள் மேடைக்கு வருமுன் அதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். நாளில் சின்னசாமி ஸ்டேடியம் கூப்பிடு தூரத்தில். மெதுவான உருப்படியில் எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கும்போது யாரோ சிக்ஸர் அடிப்பார்கள், ஊரே கத்தும். ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குள் வண்டி விடுவதில்லை என்பதால் டியூபாவைத் தூக்கி வருகிற தம்பிக்குத் தோள் போய்விடும். மற்றவர்கள் மெட்ரோவில் கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்துவிடலாம்.

வாத்திய ரிப்பேர் பெரிய குறை. 2017இல் ஒரு கடையில் கொடுத்து, ஓட்டைகளை மூடுகிற பேட்களை மாற்றினேன். என்ன பசை போட்டார்களோ, மேடையில் வெயில் பட்டதும் இளகி, ஜி-ஷார்ப் பேட் என் மடியில் விழுந்தது. ஓட்டை திறந்துவிட்டால் அதற்குக் கீழே எந்தச் சுரமும் வராது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் பி.யூ.சி. படிக்கிற பையன். "ஆன்ட்டி, கொடுங்க" என்று வாங்கி, பார்ட் ஒட்ட வைத்திருந்த டேப்பைக் கிழித்து ஓட்டையை மூடிக் கொடுத்தான். "ஜி-ஷார்ப் மட்டும் வராது. நான் பார்த்துக்கறேன்." கச்சேரி முடியும்வரை என் ஜி-ஷார்ப்களை எல்லாம் அவன்தான் வாசித்தான். அதிலிருந்து என் பெட்டியில் டேப் இல்லாமல் இருந்ததில்லை.

கொரோனா காலத்தில் ஊதுகிற கூட்டத்துக்கு யார் இடம் தருவார்கள்? வீடியோவில் முயன்றோம், ஒருவர் சத்தம் இன்னொருவருக்குத் தாமதமாக வந்து சேர, இரண்டு வாரத்தில் விட்டுவிட்டோம். 2022இல் திரும்ப வந்தபோது ஆறு நாற்காலி காலி. அதில் ஒன்று பேஸ் டிரம் அண்ணாவுடையது. அன்றைக்கு மாஸ்டர் அந்த டிரம்மை மேடையில் வைக்கச் சொன்னார், யாரையும் அடிக்க விடவில்லை.

2025 மே மாதம் கடைசி ஞாயிறு. நாலாவது உருப்படியில் தூறல் ஆரம்பித்து, சட்டென்று பிடித்துக்கொண்டது. கீழே இருந்தவர்கள் டிரம்மையும் டிராம்போனையும் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். பின்னாலேயே கேட்க வந்தவர்களும் ஏறினார்கள். முழங்கையை அசைக்க இடமில்லை. என் ஸ்டாண்டு எங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு சிறுமி என் பார்ட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "இது போதுமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். மாஸ்டருக்குக் குச்சியை வீச இடமில்லை, விரலால் எண்ணினார். வால்ட்ஸ். முதல் அடி எனக்கு இல்லை. சிறுமி நான் எப்போது ஊதுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிராக்டிஸ் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு. மூன்றாம் கிளாரினெட்டில் இப்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.