ரோடு பைக்கில் கை மரத்துப்போனால் முதலில் சீட்டைப் பாருங்கள்

ரோடு பைக் வாங்கிய புதிதில் பெரும்பாலும் கையும் கழுத்தும்தான் வலிக்கும். உடனே ஹேண்டில்பாரை உயர்த்துவது, இல்லையென்றால் குட்டை ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) ஒன்றை வாங்கி மாட்டுவது என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு இடுப்பு பிடிக்கும், கை மறுபடியும் மரத்துப்போகும். 54 அளவு அலுமினிய ஃபிரேம், 172.5 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), 100 மி.மீ. ஸ்டெம் கொண்ட, நெடுந்தூரச் சவாரிக்கான எண்டூரன்ஸ் வகை ரோடு பைக்கை நெடுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: சீட் சரியாக அமையும்வரை ஸ்டெம்மில் கை வைக்காதீர்கள்.

சீட் உயரத்துக்கு முதலில் உள்கால் அளவு வேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேல்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தம் போதும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாயின் (சீட் டியூப்) ஓரமாகவே சீட்டின் மேற்பரப்புவரை இந்த அளவு இருக்க வேண்டும். டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 என மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் பரவிய கணக்கு இது. தொடங்குவதற்கு நல்ல எண், முடிவான எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷூவின் அடித்தடிமன், கிராங்க் நீளம் இரண்டுமே இதை மாற்றும்.

அதனால் டிரெய்னரில் (பைக்கை நிறுத்தி வைத்து வீட்டிலேயே மிதிக்க உதவும் தாங்கி) பைக்கை ஏற்றி, பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் சரி. பின்னாலிருந்து பார்க்கையில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலுக்குப் பின்புறம் வலித்தாலும் அதே காரணமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாகவோ மிக முன்னாலோ இருக்கிறது. எந்தத் திருத்தமும் ஒரு முறைக்கு 3 மி.மீ., மிஞ்சினால் 5 மி.மீ. அதற்குப் பின் நாலைந்து சவாரி போகாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வலியைத் தீர்த்தது, எது புதிதாகக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கை மரத்துப்போவதன் வேர், பெரும்பாலும் சீட்டின் முன்பின் நிலையில் இருக்கிறது. கிராங்கைக் கிடையாக நிறுத்தி, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பார்கள். அதை விதி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வருவதற்கு ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான சோதனை டிரெய்னரில்தான். மிதமான வேகத்தில் மிதித்துக்கொண்டே இரண்டு கைகளையும் ஹூடிலிருந்து (பிரேக் லிவருக்கு மேலே கை வைக்கும் ரப்பர் பிடி) ஒரு விரற்கடை தூக்குங்கள். உடம்பு முன்னால் சரிந்தால், எடையைக் கை தாங்குகிறது என்று பொருள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் அல்நார் நரம்பு ஓடுகிறது. எடை அங்கே நசுக்குவதால்தான் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப்போகின்றன. சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். பின்னால் தள்ளும்போது காலுக்கும் பெடலுக்கும் தூரம் கூடும், 10 மி.மீ. தள்ளினால் ஏறக்குறைய 3 மி.மீ. உயரத்தைக் குறைக்க வேண்டும்.

சீட்டின் சாய்வைப் பலர் கவனிப்பதில்லை. முன்பக்கம் அழுத்துகிறது என்று மூக்கை நன்றாகத் தாழ்த்திவிடுகிறார்கள். உடம்பு வழுக்கி முன்னால் வரும், அதைத் தடுக்கக் கை ஓயாமல் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டின் மேல் ஒரு தட்டைப் பலகை வைத்து, அதன் மேல் ரசமட்டமோ போன் ஆப்போ வைத்துப் பாருங்கள். சமமாக இருக்கட்டும், தேவைப்பட்டால் 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தலாம். அப்படியும் அழுத்தினால் சீட்டின் அகலம்தான் பொருந்தவில்லை. நெளி அட்டை (பார்சல் பெட்டி அட்டை) ஒன்றை மாடிப்படியில் வைத்து, சற்று முன்குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழும். அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் வருவது ஏறத்தாழ உங்கள் சீட் அகலம். ஜெல் உறை வாங்க வேண்டாம். எலும்பு உள்ளே அமுங்க, நடுப்பகுதி மேலே எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்டெம். காசு செலவில்லாத முதல் வழி அதைத் தலைகீழாகத் திருப்புவது. 6 டிகிரி கோணமுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைத் திருப்பினால் ஹேண்டில்பார் சுமார் 20 மி.மீ. உயரும். பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல்மூடி போல்ட்டைத் திருகக் கூடாது. மாட்டும்போது மேல்மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசைத்து, ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் பகுதி) விரல் வைத்து ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்க வேண்டும். பொதுவாக இறுக்கும் அளவு 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருப்பார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் பாகத்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஹூடின் கோணம் சின்ன விஷயம்தான், பலன் பெரிது. கைகுலுக்கும்போது இருப்பதுபோல மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். ஹூடின் ரப்பரை உரித்துப் பார்த்தால் பக்கத்தில் லிவரின் கிளாம்ப் போல்ட் தெரியும். அதைத் தளர்த்தி, பாரும் ஹூடும் சேரும் இடம் படிபோல இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும்வரை நகர்த்துங்கள். பார் டேப்பைக் கொஞ்சம் அவிழ்க்க வேண்டியிருக்கலாம். கை சிறியவர்களுக்கு லிவரை அருகே கொண்டுவரத் தனித் திருகு உண்டு.

நாளாக ஆக, யாரும் தொடாமலேயே அளவுகள் நகரும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கும். ஃபிரேமுக்கு மேலே போஸ்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தால் உடனே தெரிந்துவிடும். சீட்டின் ஃபோம் அமுங்கும். ஷூவைப் பெடலோடு பூட்டும் அடித்தகடான கிளீட்டும் தேயும். ஷிமானோ கிளீட்டில் மஞ்சள் முனை 6 டிகிரி அசைவு தரும், முழங்காலுக்குப் பாதுகாப்பானது. ஆனால் டீக்கடைக்கு நடந்து நடந்தே அந்த முனை தேய்ந்துவிடும். தேய்ந்த கிளீட்டில் பாதம் சாய, வெளிமுழங்கால் வலிக்கும். மாற்றுவதற்கு முன் பழைய கிளீட்டின் விளிம்பை ஷூவின் அடியில் மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள்.

கடலோரத்தில் ஓட்டுபவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சீட் போஸ்ட்டை வெளியே எடுக்க வேண்டும். உப்புக்காற்றும் வியர்வையும் இறங்கி அலுமினிய போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டால் உயரத்தை மாற்றவே முடியாது. உலோகத்துக்கு கிரீஸ், கார்பனுக்கு கார்பன் பேஸ்ட். திரும்ப மாட்டும்போது, போஸ்ட் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும் கோடு ஃபிரேமுக்குள்ளே மறைந்திருக்கட்டும்.

சாலை அதிர்வு மட்டுமே தொல்லை என்றால் காரணம் டயர். ஃபிரேமில் இடமிருந்தால் 25-லிருந்து 28 மி.மீ. அகல டயருக்கு மாறுங்கள். 70 கிலோ எடைக்கு 100 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தேவையில்லை, ஏறத்தாழ 75 போதும்.

சர்வீஸுக்கு விடும் முன்பும் ரயிலில் ஏற்றப் பிரிக்கும் முன்பும் நான்கு எண்களை அளந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்: சீட் உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை, சீட்டுக்கும் பாருக்கும் உள்ள உயர வித்தியாசம், சீட் மூக்கு கிராங்க் மையத்துக்கு எவ்வளவு பின்னால் என்பது. மெக்கானிக்கிடம் இந்த எண்களைக் காட்டினால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். சவாரி முடிந்து மறுநாளும் விரல் மரத்தே இருந்தால் அளவுகளைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.