எல்லோஸ்டோன்: செப்டம்பரா, அக்டோபர் கடைசியா, இல்ல பனிக்காலமா?

லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள், அமெரிக்க லீவு) முடிஞ்சா அமெரிக்காவோட எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல கூட்டம் போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதிதான் உண்மை. ஸ்கூல் பசங்க கூட்டம் போகும், ரிட்டயர் ஆனவங்க கூட்டம் வரும். பார்க்கிங்ல ஜூலை அளவுக்கு அடிதடி இருக்காது, ஆனா செப்டம்பர்ல நடுமத்தியானம் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்ங்கற கலர் கலரான வெந்நீர் ஊற்று பக்கம் கார் நிறுத்த இடம் தேடிப் பாருங்க, அப்ப புரியும். நிஜமாவே காலியா கிடக்கறது அக்டோபர் நடுவுக்கு அப்புறம்தான்.

நிறைய பேர் கெய்சரை (பூமிக்குள்ள இருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கற ஊற்று) வச்சு தேதி பிடிக்கறாங்க, அதுதான் எனக்கு புரியல. இங்க பேர் போன கெய்சர் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஜூலைலயும் சராசரியா 90 நிமிஷத்துக்கு ஒருதடவை அடிக்கும், ஜனவரிலயும் அடிக்கும். அடுத்தது எப்பனு கணிக்கறதே முந்தின தடவை எவ்ளோ நேரம் அடிச்சுதுன்னு பாத்துதான், சின்னதா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சா அடுத்தது சீக்கிரம் வரும், நாலு நிமிஷம் போனா லேட்டாகும். வெளிய வெயிலா பனியாங்கறதுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. மாறுறது மூணுதான்: ரோடு, மிருகம், ஆவி. தேதிய அதை வச்சு பிடிங்க.

ஆவியை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதை யாரும் சொல்றதில்ல. குளிர் ஏற ஏற வெந்நீர் ஊற்று மேல ஆவி மூட்டம் கெட்டியாகும். கிராண்ட் பிரிஸ்மாட்டிக்ல அந்த நீலம், சுத்தி ஆரஞ்சு எல்லாம் தெரியணும்னா வெயில் ஏறின மத்தியானம் வேணும், செப்டம்பர்ல அது கிடைக்கும். அக்டோபர் கடைசில காலைல போய் நின்னீங்கன்னா வெள்ளைப் புகைதான், 110 மீட்டர் அகல ஊற்று எங்க இருக்குனே தெரியாது. ஆனா கெய்சருக்கு இது அப்படியே உல்டா, குளிர்ல அதே தண்ணி ஆவியோட சேந்து ரெண்டு மடங்கு உசரமா தெரியும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் நெஜத்துல 32ல இருந்து 56 மீட்டர்தான், பனிக்காலத்து காலைல பாத்தா அதை நம்பவே முடியாது. கலர் வேணுமா, பிரமாண்டம் வேணுமா, அது உங்க இஷ்டம்.

இப்ப மிருகம். செப்டம்பர்ல எல்க் மான் ஜோடி சேர்ற காலம், பார்க்கோட வடக்குல இருக்கற மாமத் பக்கம் புல்வெளிலயே, கட்டடங்களுக்கு நடுவுல கிடா எல்க் கத்திக்கிட்டு திரியும், அந்த சத்தம் துருப்பிடிச்ச கேட்டை மெதுவா தொறக்கற மாதிரி இருக்கும், அவ்ளோ பெரிய உடம்புல இருந்து இப்படி ஒரு சத்தமானு சிரிப்பு வரும், ஆனா கிட்ட போயிராதீங்க, அந்த சமயம் அது காரையே முட்டும். கரடியும் தூக்கத்துக்கு முன்னாடி கொழுப்பு சேக்க நாள் முழுக்க தின்னுக்கிட்டே அலையும், அதனால கண்ணுல பட வாய்ப்பு ஜாஸ்தி. நவம்பர் வாக்குல பெரும்பாலான கரடி குகைக்குள்ள போயிரும், பனிக்காலத்துல கரடி பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஓநாய்க்கு மட்டும் கணக்கு வேற. 1920கள்ல இந்த பார்க்ல ஓநாயையே ஒழிச்சிட்டாங்க, அப்புறம் 1995, 96ல கனடாவுல இருந்து 31 ஓநாயை கொண்டு வந்து விட்டாங்க, இன்னிக்கு பார்க்கோட வடகிழக்குல லாமார் பள்ளத்தாக்குல டெலஸ்கோப்போட ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறது அதுங்களுக்காகத்தான். பனி விழுந்தா எல்க் கூட்டம் கீழ இறங்கும், ஓநாயும் பின்னாடியே வரும், வெள்ளைப் பின்னணில கறுப்பு ஓநாய் ரொம்ப தூரத்துலயே தெரியும். அதனால ஓநாய்க்கு பனிக்காலம்தான், சந்தேகமே இல்ல. பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) பத்தி கவலையே வேணாம், எந்த மாசம் போனாலும் ரோட்டை மறிச்சு நிக்கும்.

ரோட்டுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. செப்டம்பர்ல எல்லா வழியும் பொதுவா திறந்திருக்கும். அக்டோபர்ல டன்ரேவன் கணவாய் (கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உசரம்) ஒரு பனி விழுந்தா மூடிருவாங்க, அப்ப பார்க்குக்குள்ளயே கேன்யன்ங்கற இடத்துல இருந்து டவர்ங்கற இடத்துக்குப் போக சுத்திக்கிட்டுதான் வரணும். உள்ள இருக்கற லாட்ஜும் பெரும்பாலும் அக்டோபர் நடுவுக்குள்ள கடைய கட்டிரும், அப்புறம் பார்க் வாசல்ல இருக்கற ஊர்களான வெஸ்ட் எல்லோஸ்டோன்லயோ கார்டினர்லயோதான் தங்கணும். கெய்சர் முக்கியம்னா வெஸ்ட், ஓநாய் முக்கியம்னா கார்டினர்.

பனிக்காலத்துல, அதாவது டிசம்பர் நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும், சொந்த காருக்கு திறந்திருக்கறது கார்டினர்ல இருந்து மாமத், லாமார் வழியா குக் சிட்டி போற ஒரே ரோடுதான். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போகணும்னா ஸ்னோகோச் (பனில ஓடற வேன்) இல்ல ஸ்னோமொபைல் (பனில ஓடற பைக் மாதிரி வண்டி), துட்டு நல்லா செலவாகும், நினைச்ச எடத்துல நிறுத்தவும் முடியாது, ராத்திரி மைனஸ் 20 டிகிரிக்கு கீழயும் போகும்.

என்னைக் கேட்டா, ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறீங்கன்னா செப்டம்பர் ரெண்டாவது பாதி, வேற யோசனையே வேணாம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கம் 2,200 மீட்டர் உசரம், அப்பவே காலைல ஐஸ் பிடிக்கும், ஸ்வெட்டர் பத்தாது, நல்ல ஜாக்கெட் எடுத்துக்கோங்க. தனியாவோ ரெண்டு பேராவோ போறவங்க, கூட்டம் பிடிக்காதவங்க, பிளான் மாறினா டென்ஷன் ஆகாதவங்க அக்டோபருக்கு போங்க. பனிக்காலம் ஏற்கெனவே ஒருதடவை பாத்தவங்களுக்குதான், முதல் தடவையே அதுல போனா பாதி பார்க் பாக்காமலே திரும்புவீங்க.

கரடி ஸ்ப்ரேவ (கரடி பாஞ்சு வந்தா அது மேல அடிக்கற மிளகாய் ஸ்ப்ரே) ஃபிளைட்ல எடுத்துட்டுப் போக முடியாது, அங்க போய் வாங்கிக்கோங்க. கரடி, ஓநாய்க்கு 91 மீட்டர், எல்க், பைசனுக்கு 23 மீட்டர் தள்ளி நிக்கணும், இது எல்லா மாசத்துக்கும் ரூல். டிக்கெட் மலிவா இருக்கேன்னு நவம்பர்ல மட்டும் போட்றாதீங்க, அந்த சமயம் உள் ரோடு காருக்கு மூடியாச்சு, ஸ்னோகோச்சும் ஆரம்பிச்சிருக்காது, ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லை ஃபோன்ல வெப்கேம் வழியாத்தான் பாக்கணும்.