பால்டிமோர் மெக்ஹென்றி கோட்டை: அரை நாள் ஒதுக்கிப் போங்கள்

பால்டிமோர் போகிறவர்கள் துறைமுகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மெக்ஹென்றி கோட்டையையும் பாருங்கள். நுழைவுக் கட்டணம் 15 டாலர், 15 வயது வரை இலவசம். வெளியே இருக்கும் புல்வெளிக்குக் காசே இல்லை.

ஆனால் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போர் ஏன் வந்தது என்று கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பிரிட்டன் நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடற்படைக்கு ஆள் போதாமல் அமெரிக்க வணிகக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து, மாலுமிகளை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரான்ஸோடு வணிகம் செய்யவும் தடை. மேற்கே டெக்கும்சே தலைமையில் தங்கள் நிலத்துக்காகப் போராடிய பூர்வகுடிகளுக்குப் பிரிட்டன் உதவுகிறது என்ற கோபம் வேறு, பிரிட்டன் வசமிருந்த கனடாவைப் பிடித்துவிடலாம் என்ற ஆசையும் பலருக்கு இருந்தது. 1812 ஜூன் 18-ல் அமெரிக்கா போர் அறிவித்தது, அதுவும் பிரதிநிதிகள் சபையில் 79-க்கு 49 என்ற வாக்கில்தான். ஐந்தே நாளில் லண்டன் அந்த வணிகத் தடையை விலக்கிக்கொண்டது, ஆனால் செய்தி கப்பலில் வந்து சேர வேண்டுமே!

கனடாவுக்குள் படையோடு போன அமெரிக்கர்கள் டெட்ராய்ட்டையே பறிகொடுத்தார்கள், 1813-ல் ஈரி ஏரியில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஜெயித்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. 1814 ஆகஸ்ட் 24-ல் பிரிட்டிஷ் படையினர் வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கே தீ வைத்தார்கள். அடுத்த குறி பால்டிமோர்.

இதெல்லாம் மனதில் இருக்கும்போது கோட்டை மதில்மேல் நின்று தண்ணீரைப் பாருங்கள். செப்டம்பர் 13 காலையில் தொடங்கி சுமார் 25 மணி நேரம் குண்டு விழுந்திருக்கிறது, 1,500-க்கும் மேல். பிரிட்டிஷ் கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டன, உள்ளே இருந்த ஆயிரம் பேருக்குப் பெரும்பாலான நேரம் பதுங்கியிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெடிமருந்துக் கிடங்கின் மேலேயே ஒரு குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை. அந்தச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இறந்தவர்கள் நாலே பேர்.

மறுநாள் காலையில் பறந்த கொடியைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வழக்கறிஞர் பாட்டெழுதினார், பிறகு அது அமெரிக்காவின் தேசிய கீதமானது. பார்வையாளர் மையத்தில் போடும் குறும்படத்தைத் தவறவிடாதீர்கள், முடியும்போது திரை விலகிக் கண்ணாடிக்கு வெளியே நிஜக் கொடி தெரிகிறது.

பெரிய கறுப்புப் பீரங்கிகளோடு நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அவை 1860-களில் வந்த ராட்மன் பீரங்கிகள், அந்த இரவில் இங்கே இல்லை.

ரேஞ்சர்கள் எனப்படும் பூங்கா ஊழியர்களிடம் போர் எப்படி முடிந்தது என்றும் கேளுங்கள். 1814 டிசம்பர் 24-ல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் மாலுமிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, எல்லைகளும் பழையபடிதான். டெக்கும்சே 1813-லேயே போரில் இறந்துவிட்டார், அவர் மக்களுடைய நிலம் மட்டும் திரும்பி வரவேயில்லை. எனக்கு அங்கே ரொம்ப நேரம் மனதை அறுத்தது அதுதான்.

அப்புறம், முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள். கொடி ஏற்றும்போது பார்வையாளர்களையும் பிடிக்கச் சொல்கிறார்கள். 1813-ல் மேரி பிக்கர்ஸ்கில் தைத்த அசல் கொடி, 42 அடிக்கு 30 அடி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே ஏற்றுவது அதே அளவு நகல், வானிலை சரியில்லாதபோது சின்னக் கொடி.