பாம்பு கடித்தால் யார் பேச்சைக் கேட்பது? ஃபார்வர்டா, யூடியூப்பா, உலக சுகாதார நிறுவனமா, 104-ஆ?

ஏற்காட்டில் காபிச் செடிகளுக்கு நடுவே களையெடுப்பவருக்குப் பாம்புக்கடி என்பது பக்கத்திலேயே இருக்கும் ஆபத்து. அதைப் பற்றி போனில் கிடைக்கும் தகவலில் எதை நம்பலாம்?

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் வழக்கமாக வருபவை மூன்று: இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, வாயால் உறிஞ்சு. மூன்றுமே தப்பு. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ போய்விடலாம். கண்ணாடி விரியன் விஷத்தில் ரத்தம் உறையாது. அந்த நிலையில் கீறினால் ரத்தம் நிற்காது. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மாமா அனுப்பினார் என்பதற்காகவே நம்புகிறோம், அதுதான் கவலை.

யூடியூப்பில் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள், மூலிகைப் பொடி விற்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க நான் ஒன்றைக் கவனிப்பேன்: கட்டுவிரியனைப் பற்றி என்ன சொல்கிறார்? அது பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம், பல் தடம் எதுவுமே தெரியாமல் போகலாம். அப்புறம் இமை சரியும், மூச்சு திணறும். "வீக்கம் இல்லையா, விஷம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் வீடியோவை அப்போதே மூடிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்தில் தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, விற்பனை இல்லை. பாம்புக்கடியை 2017-ல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்ததும் அவர்கள்தான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், திருப்பியும் கேட்கலாம். சந்தேகம் தீர்க்க இதுவே நல்ல வழி.

இவற்றில் எதுவும் மருத்துவருக்கு ஈடாகாது. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். மலையில் உள்ள மூங்கில் குழிவிரியனுக்கு அல்ல. மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். மருந்தே ஒவ்வாமை தரலாம் என்பதால் வீட்டில் போட முடியாது.

அதனால் படிப்பதை இன்றைக்கே படியுங்கள். கடித்துவிட்டால் தேடவே வேண்டாம்: மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108.