தாயின் சுருளா, இன்குபேட்டரா? பால் பைத்தான் முட்டைகளை அடைவைக்கும் முறைகள்

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு முட்டையிட்டதும், முட்டைகளைத் தாயிடமே விடுவதா, எடுத்து இன்குபேட்டரில் வைப்பதா என்பதை வளர்ப்பவர் அன்றே முடிவு செய்தாக வேண்டும்.

தாய்ப்பாம்பு முட்டைக் குவியலைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டுகொள்வதால் முட்டைகளின் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. ஈரத்தைக் காப்பதில் அந்தச் சுருளுக்கு நிகராக எந்தப் பெட்டியையும் நான் கருதவில்லை. ஆனால் நம் நாட்டு மலைப்பாம்பைப் போலத் தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்கும் திறன் பால் பைத்தானுக்கு இல்லாததால், கூண்டின் வெப்பத்தை நாமேதான் சீராக வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அடைகாக்கும் இரண்டு மாதமும் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. முதுகெலும்பு மேடிட்டுத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்ட தாயிடம் முட்டைகளை விடுவது அதற்குச் செய்யும் கொடுமை என்பதே என் உறுதியான கருத்து.

இன்குபேட்டரில் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலையாக இருந்தால் ஏறத்தாழ 55 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கோழிமுட்டையைப் போல இவற்றைத் திருப்பிவிடக் கூடாது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி வளர்வதால், எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தக் குறி மேலே இருக்கும்படியே வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளை வலிந்து பிரிக்கவும் வேண்டாம்.

இன்குபேட்டர்ப் பெட்டிக்குள் வெர்மிகுலைட் என்னும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்களை இடுவதா, தண்ணீருக்கு மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு வைப்பதா என்பதில்தான் வளர்ப்பவர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். வெர்மிகுலைட்டையும் தண்ணீரையும் சம எடையில் கலப்பது பழைய வழக்கம். ஈரம் மிகுந்தால் முட்டை உப்பி வெடிக்கும், குறைந்தால் குழி விழும், இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் கைப்பழக்கத்தில்தான் வரும். வலைத்தட்டில் முட்டை தண்ணீரைத் தொடாமலே ஈரக்காற்றைப் பெறுகிறது. அடியிலுள்ள நீர், வெப்பம் சட்டென ஏறி இறங்காமலும் தாங்குகிறது. மூடியில் கோத்த நீர்த்துளி முட்டைமேல் சொட்டாதபடி பார்த்துக்கொள்வது ஒன்றே இதில் உள்ள தொல்லை. முதன்முறை முயல்பவருக்கு நான் வலைத்தட்டையே பரிந்துரைப்பேன்.

கடைசி இரண்டு வாரங்களில் முட்டையில் விழும் குழி எந்த முறையிலும் இயல்பானதுதான். அதைக் கண்டு பதறித் தண்ணீர் தெளிக்க வேண்டாம். முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை மட்டும் நீட்டும் குஞ்சு, மீதமுள்ள மஞ்சள்கருவை உறிஞ்சி முடிக்கும் வரை ஓரிரு நாள் உள்ளேயே கிடக்கும். அதை இழுத்து வெளியே எடுக்காமல் மூடியைச் சாத்திவிட்டுக் காத்திருங்கள்.