கோண்டாவில் விளையாட்டுத் தெரப்பி: ஏழு மாதம் போய்வந்த அனுபவம்

எனக்கு யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை. மகனுக்கு நான்கரை வயது. ஓட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது மூன்று. பேச்சுப் பயிற்சிக்கு அங்கே கிளினிக்குக்கு இன்னமும் போகிறோம், அதை நிறுத்தவில்லை. நான் எழுத வந்தது கோண்டாவிலில் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கும் விளையாட்டுத் தெரப்பியைப் பற்றி. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டறிந்து வருகிறவர்கள்தான்.

முதல் நாள் சரியான ஏமாற்றம். ஒரு பாய், பழைய மெத்தை, வாளிக்குள் சிரட்டையும் பிளாஸ்டிக் பேணிகளும், நான்கு பந்து. 2000 ரூபாய்க்கு இதுவா என்று மனைவியைப் பார்த்தேன். மிஸ் பிள்ளையோடு விளையாடுவா, நான் வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. கதிரையை இழுத்தேன். "அண்ணை, கதிரை வேண்டாம், கீழ இருங்கோ. விளையாடப்போறது நீங்கள்" என்றா.

சரி என்று இருந்தேன். பந்தை எடுத்து, இது என்ன, என்ன நிறம், அப்பாவிட்டைத் தா என்று தொடங்கினேன். மகன் எழும்பிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டு நின்றான். பத்து நிமிடத்தில் நான் பதினேழு கேள்வி கேட்டேனாம், மிஸ் கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தா. "அவர் சோதினை எழுத வரேல்லை அண்ணை."

முறையின் பெயர் ஃபுளோர்டைம். ஸ்ரான்லி கிரீன்ஸ்பான் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் செரீனா வீடர் என்ற உளவியலாளரும் உருவாக்கியது. பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதற்குள் நாங்கள் போக வேண்டும், எங்கள் விளையாட்டுக்கு அவனை இழுக்கக் கூடாது. அவன் ஒன்றைத் தொடங்க, நாங்கள் அதைப் பிடித்து ஏதாவது செய்ய, அதற்கு அவன் திருப்பி ஒன்று செய்தால் ஒரு வட்டம் முடிந்தது என்று கணக்கு. அழுது தள்ளிவிட்டாலும் கணக்குத்தான்.

என் மகனுக்குச் சில்லுதான் உலகம். கடையில் கவிழ்த்துவைத்த சைக்கிள் ஏதாவது இருந்தால் மணிக்கணக்காகச் சுற்றுவான். அதுதான் வருத்தம் என்று நினைத்து நான் ஏசிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸோ அடுத்த கிழமை ஒரு சில்லைக் கொண்டுவரச் சொன்னா. சின்னச் சைக்கிளின் முன்சில்லைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

"அவர் சுத்தட்டும். நிக்கிற நேரம் பார்த்துப் பிடியுங்கோ. பிடிச்சிட்டு ஒண்டும் கதையாதேங்கோ."

பிடித்தேன். ரிம்மை இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. என் விரல்களைக் கழற்றத் தொடங்கினான். முதலில் சின்னவிரல், பிறகு அடுத்தது. மூன்றாவது விரலில் கிறீஸ் பட்டு வழுக்கியது. அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம்தான். "டர்ர்ர்" என்று சொல்லிச் சில்லை விட்டேன். சிரித்தான். மறுபடி பிடித்தபோது முதலில் முகத்தைப் பார்த்தான், பிறகுதான் விரலுக்கு வந்தான். பின்னால் மிஸ் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தா, நாலு, அஞ்சு என்று. அன்றைக்குப் பதினொன்று வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி அழுதா, நான் ஹெல்மெட் போட்டிருந்தேன்.

ஆகவே போக நினைக்கிறவர்களுக்கு: காசு கொடுப்பது பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. 45 நிமிடத்தில் மிஸ் பிள்ளையோடு விளையாடுவது ஐந்து நிமிடம் வரும். பிள்ளையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வர நினைத்தால் இது உங்களுக்குச் சரிவராது. வீட்டில் 20 நிமிடப்படி நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டும். கடையோடு என்னால் இரண்டு முடிகிறது, மனைவி மூன்று. அம்மம்மாவும் ஒன்று செய்கிறா, ஆனால் "வாழைப்பழம் எண்டு சொல்லு, சொன்னாத்தான் தருவன்" என்பதை மட்டும் விடமாட்டா.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை அனுப்பினா. இதே மாதிரிப் பெற்றோருக்குப் பழக்கும் முறைதான், 128 குடும்பங்கள், ஒரு வருடம். பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதம் நன்றாக முன்னேறியதாம், மொழியில், இந்தப் பழக்கல் கிடைக்காத மற்றக் குழுவைவிடப் பெரிய வித்தியாசம் இல்லையாம். மிஸ்ஸிடம் காட்டினேன். தனக்குத் தெரியும், அதனால்தான் கிளினிக்கை விடவேண்டாம் என்று முதல் நாளே சொன்னதாகச் சொன்னா. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இதற்கு முன் ரவுனில் போன ஓரிடத்தில் ஆறு மாதத்தில் கதைக்கவைப்போம் என்றார்கள். மகனைக் கதிரையில் இருத்தி மேசையை நெருக்கிவிடுவார்கள். இன்றைக்கும் அந்த வீதியால் போனால் கத்துகிறான்.

குறைகளும் உண்டு. நாலு மணி என்றால் நாலே கால், நாலரை ஆகும். மேலே தகரம், கரண்ட் நின்றால் மகன் சட்டையைக் கழற்றிவிடுவான், பிறகு போட ஒரு பாடு. எழுத்தில் எதுவும் தருவதில்லை. முன்பள்ளியில் கடிதம் கேட்டபோது மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

கதைக்கிறானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாலு சொல் வருகிறது. அதில் ஒன்று "டர்ர்", கிளினிக்கில் அதைச் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள்.

சனிக்கிழமை இடம் கிடைக்காது, கிழமை நாளில் பின்னேரம் கேளுங்கள். பிள்ளைக்கு விருப்பமான ஒரு சாமானைக் கொண்டுபோங்கள். ஜீன்ஸ் போடாதீர்கள், முக்கால் மணி நேரம் கீழே இருக்க முடியாது.