ஜெஜு கடற்கரையில் ‘சர்வீஸ்’ என்று சொல்லி வைக்கும் தட்டைத் தொடாதீர்கள்

கடந்த வெள்ளிக்கிழமை இரவு, தென் கொரியாவின் ஜெஜு தீவின் வடக்குக் கடற்கரையில் ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் சிறிய இறைச்சி உணவகத்தில் 1,10,000 வொன்னை, நம் பணத்தில் 6,000 ரூபாய்க்கும் மேல், ஏமாந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால்கூட இந்நாட்டு அவதூறுச் சட்டம் பாயக்கூடும் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளாக இந்நாட்டின் உல்சான் நகரில் வசிக்கிறோம்; உணவகப் பழக்கங்கள் தெரியாதவர்கள் அல்ல. ஜெஜுவின் கறுப்புப் பன்றி இறைச்சி ஒரு ‘கன்’, அதாவது 600 கிராம், 66,000 வொன் என்று பலகையில் பார்த்த பிறகே கேட்டோம். 8,000 வொன்னுக்கு ஒரு சோயா விழுதுக் குழம்பும் சொன்னோம். கடைக்கார அம்மாள் நெத்திலி ஊறல் கிண்ணத்தைத் தணலின் மேல் வைத்துச் சூடாக்கி, கத்தரிக்கோலால் இறைச்சியைத் தாமே நறுக்கி, முதல் துண்டை இலையில் மடித்து என் கையில் கொடுத்தார். பரிமாறும் பெண்களை இங்கே ‘இமோ’ என்பார்கள்; அம்மாவின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது. நானும் அப்படியே அழைத்தேன். ‘உனக்கு என் மகள் வயது’ என்று முதுகைத் தடவிக் கொடுத்தவர், சற்று நேரத்தில் அபலோன் சிப்பியும் இறாலும் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து ‘சர்வீஸ்’ என்றார். கொரிய உணவகத்தில் இச்சொல்லுக்குக் கடைக்காரர் அன்பாகத் தருவது, காசு இல்லை என்பதே பொருள். பின்னர் ஒரு தட்டு கழுத்துக்கறி வந்தது. அதற்கும் ‘சர்வீஸ்’ என்றார். என் அம்மாவைப் பார்த்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அந்தக் கை முதுகில் பட்டபோது கண் கலங்கியது. இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

74,000 வொன் ஆகியிருக்க வேண்டிய இடத்தில், கல்லாவில் இருந்த மகன் 1,84,000 வொன்னுக்கு அட்டையைத் தேய்த்துவிட்டார். கேட்டபோது சிப்பித் தட்டுக்கு 50,000, கழுத்துக்கறிக்கு 60,000 என்று துண்டுத்தாளில் எழுதிக் காட்டி, ‘சாப்பிட்டீர்கள் அல்லவா?’ என்றார். அடுக்களைக்குள் போன இமோ வெளியே வரவேயில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்தபோது, அம்மா ஊரில் இல்லை என்றார்கள். மறுபடி அழைத்தபோது, கணவர் நன்றாகக் கொரிய மொழி பேசியும், பேசுவது புரியவில்லை என்று வைத்துவிட்டார்கள். எந்த வரைபடச் செயலியின் பாராட்டுகளை நம்பிப் போனோமோ, அங்கே நாங்கள் எழுதியதையும் கடையின் ஆட்சேபத்தால் 30 நாள் மறைத்துவிட்டார்கள். குறையே இல்லாத கடையாக அது தெரிந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

வரி உட்பட முழு விலையையும், இறைச்சிக்கு 100 கிராம் விலையையும் எழுதிவைக்க வேண்டும் என்பது 2013 முதல் இங்கே விதி. அந்தப் பலகையில் சிப்பிக்கு விலையே இல்லை. 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசி முறையிட்டிருக்கிறேன். 1,10,000 வொன் இன்னும் வரவில்லை.

கேட்காமல் எது வந்தாலும் ‘இது எவ்வளவு?’ என்று கேளுங்கள். விலைப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொகையைப் பார்க்காமல் அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள்.